முதல் பக்கம்

செவ்வாய்க்கிழமை விடிந்தாலே அக்காவுக்குப் பயம்.

தம்பி குடிமீட்பு மையத்துக்குப் போகும் நாள் அது. கடந்த மூன்று செவ்வாயும் அவன் வகுப்பில் இல்லை. மூன்று நாளும் குடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினான். இன்னொரு முறை வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று ஆலோசகர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இன்று அந்த இன்னொரு முறை.

ஏழு மாதத்துக்கு முன்பு வரை தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவனும் நெட்டையும் ஜோடி. நெட்டை ஆறடிக்கு மேல். தம்பி அவன் தோளுக்குத்தான் வருவான். அதனால் நெட்டைக்கு இவன் எப்போதும் ‘சின்னவன்’. பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் நெட்டை லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தி வைத்திருந்த மெயின் சுவிட்சை யாரோ போட்டுவிட்டார்கள். பெட்டி கிளம்பிவிட்டது. நெட்டை அங்கேயே போய்விட்டான். அவனை இழுக்கப் பாய்ந்த தம்பி விழுந்து, மண்டை உடைந்து, பன்னிரண்டாம் நாள் கண் விழித்தான்.

விழித்தவன் பழைய தம்பிதான். அதே சிரிப்பு, அதே கிண்டல். நினைவு மட்டும் ஓட்டைப் பாத்திரம். காலையில் ஊற்றியது மதியம் இருக்காது. ஓட்டை விழுந்த இடத்தை அவன் மூளையே கையில் கிடைத்ததை வைத்து அடைத்துக்கொள்ளும்.

“காலையில எங்கடா போனே?”

“நெட்டையோட டீ குடிச்சேன்க்கா.”

அது பொய் இல்லை என்றார் டாக்டர். பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும். இவனுக்கு அதுதானே தெரியாது.

குடி முன்பும் உண்டு. சனிக்கிழமைக் குடி. இப்போதைய குடி வேறு மாதிரி. நாலைந்து நாள் வாசனையே இருக்காது. திடீரென்று ஒருநாள் நடைபாதையில் கிடப்பான். ஏன் குடித்தான் என்பது அவனுக்கே தெரியாது.

எனவே ஐந்து நாளாக ஒரு புது மாத்திரை. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் உடம்பே திருப்பி அடிக்கும். முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும், இதயம் நின்றும் போகலாம். “ஞாபகம் நிக்காதவருக்கு இதைக் குடுக்க எனக்கு இஷ்டமே இல்லை” என்றார் டாக்டர். அக்காதான் விடாப்பிடியாகக் கேட்டு எழுதி வாங்கினாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் தப்பினாலும் போட்டவருக்குத் தலைவலி. வேலையின் புத்தி வாழ்க்கையிலும் ஒட்டிக்கொண்டது. எதையும் இருக்கிறபடி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிறவள்.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது. தம்பி மனைவி. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். இந்த வாரம் ஆறு மணி ஷிஃப்ட்.

“அண்ணி, பஸ் ஏத்தியாச்சா?”

“எட்டரைக்கே ஏத்திட்டேன். ஜன்னல் சீட். எங்க இறக்கணும்னு கண்டக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“ஞாபக நோட்டு?”

“கையில குடுத்துட்டேன். கம்பெனிச் சட்டைதான் போடுவேன், டூல் பேக் இல்லாம வரமாட்டேன்னு ஒரே அடம். சரி, தொலையுதுன்னு விட்டுட்டேன்.”

“விட்டா அந்தச் சட்டையோடயே குளிப்பாரு.”

இருவரும் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமையில் அவர்கள் சிரிப்பது அபூர்வம்.

“நீங்களும் கூடப் போயிருக்கலாம் அண்ணி.”

“போகலாம். ‘சொந்த விருப்பத்துல தானா வரணும், கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரக் கூடாது’ன்னு அந்த ஆலோசகரம்மா சட்டம் போட்டிருக்காங்களே. நீ பயப்படாதே. மாத்திரையும் குடுத்துட்டுத்தான் அனுப்பினேன்.”

அந்தப் பக்கம் பில் மெஷின் ஒருமுறை ‘பீப்’ என்றது.

“எந்த மாத்திரை?”

“அதான்... அந்த மாத்திரை. ‘போட்டியாடா’ன்னேன். ‘இல்லக்கா’ன்னான்.”

“அண்ணி, நான் அஞ்சரைக்கே குடுத்துட்டுத்தானே வந்தேன்! வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு வந்தேன்!”

அக்காவின் கையிலிருந்த லென்ஸ் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? போயும் போயும் அவர்கிட்டயா கேப்பீங்க? நேத்து ராத்திரி என்னையே ‘டியூட்டி முடிஞ்சுதா சிஸ்டர்’னு கேட்டவரு அண்ணி அவரு!”

சண்டை போட நேரமில்லை. அக்கா மேலங்கியைக் கழற்றினாள். முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“தம்பியா?”

“ஆமா சார்.”

“போம்மா. போய்ட்டு வா.”

வாடகைக் காரில் ஏறியதும் டாக்டருக்குப் போன் போட்டாள். இரண்டு மாத்திரையால் மட்டும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் ஒரு வாய்கூட மது உள்ளே போகக் கூடாது என்றார். மூன்று முறை சொன்னார்.

வகுப்பில் உட்கார்ந்திருந்தால் போதும். அவன் உட்கார்ந்திருப்பான். பஸ் மையத்து வாசலிலேயே நிற்கும். வழி தவற இடமே இல்லை. கார் மையத்தை அடையும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மையத்து வாசலில் ஒரு சின்ன அறை. உள்ளே வருகிறவர்களின் பெயரை எழுதும் பெண் தலைநிமிர்ந்தாள்.

“அவரா? ஒன்பதுக்கே வந்துட்டாரே.”

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “உள்ள இருக்கானா?”

“வந்தாரு. போயிட்டாரு.”

“போயிட்டானா? எங்க?”

“தெரியலக்கா. வாராவாரம் இப்படித்தான். டைமுக்கு டாண்ணு வருவாரு. ‘எந்த ரூம்னு மறந்துபோச்சும்மா, இரு, என் மூளையைப் பார்த்துச் சொல்றேன்’னு சிரிச்சுக்கிட்டே அந்த நோட்டைத் திறப்பாரு. திறந்ததும் முகம்... எப்படிச் சொல்றது, கரண்ட் போன மாதிரி ஆயிடும். கொஞ்ச நேரம் அந்த பெஞ்சுல உட்காருவாரு. அப்புறம் எழுந்து போயிடுவாரு.”

“மூணு வாரமாவா? இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கலையேக்கா. உள்ள போய்க் கையெழுத்துப் போட்டாத்தான் வந்ததா அர்த்தம். இன்னிக்கு நோட்டை மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. இந்தாங்க.”

நீல அட்டை போட்ட கையடக்க நோட்டு. அக்காவே வாங்கிக் கொடுத்தது. அட்டை தானாகவே முதல் பக்கத்தில் போய்த் திறந்துகொண்டது. அந்தப் பக்கம் மட்டும் ஓரமெல்லாம் கசங்கி, விரல் அழுக்கேறி, மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகியிருந்தது. மற்ற பக்கங்கள் புதுசு.

முதல் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. குண்டு குண்டாக, யாரும் படிக்கும்படி.

‘நெட்டை இறந்துவிட்டார். லிஃப்ட் விபத்து. அவரைத் தேடாதே. அவர் வீட்டுக்குப் போன் செய்யாதே.’

இரண்டு மாதத்துக்கு முன்பு எழுதியது. தம்பி தினமும் நெட்டை வீட்டுக்குப் போன் போட்டு, “அவனை எழுப்பி அனுப்புங்க, வேலைக்கு நேரமாச்சு” என்று நெட்டையின் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒருநாள் அவள் அக்காவைக் போனில் கூப்பிட்டு, அழுதுவிட்டு வைத்தாள். அன்று சாயங்காலமே அக்கா நோட்டு வாங்கினாள். மறக்கக் கூடாததை முதலில் எழுது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். முதலில் எழுதினாள். வீட்டு முகவரி இரண்டாம் பக்கம். மையத்தில் எந்த அறை என்பது மூன்றாம் பக்கம்.

மூன்றாம் பக்கத்துக்கு அவன் ஒருநாளும் போய்ச் சேரவில்லை.

அறை எண்ணைத் தேடித்தான் நோட்டைத் திறக்கிறான். திறந்ததும் சாவு. அவனுக்கு அது பழைய செய்தி இல்லை. ஒவ்வொரு செவ்வாயும், ஒன்பது மணிக்கு, தெரியாத ஒரு வாசலில், பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல், நெட்டை செத்துப்போனதை அவன் முதல்முதலாகத் தெரிந்துகொண்டிருக்கிறான். அப்புறம் குடிக்கப் போயிருக்கிறான். குடித்த பிறகு ஏன் குடித்தோம் என்பதும் போய்விடுகிறது.

செவ்வாய் மட்டும்தானா? நடைபாதையில் கிடந்த நாட்களில் எல்லாம் நோட்டு அவன் பையில்தான் இருந்தது.

அக்கா நோட்டை மூடினாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆலோசகர் கோப்போடு வந்தார். “நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இன்னிக்கும் வரலை. போன வாரம் ‘பார்ட்னரை பஸ் ஏத்திவிடப் போனேன்’னாரு. அதுக்கு முந்தின வாரம் ‘வந்தேனே, நீங்கதான் லீவு’ன்னாரு. இப்படி வாரம் ஒரு கதை சொல்றவரை வெச்சுக்கிட்டு...”

அக்கா நோட்டை நீட்டினாள். வாசல் பெண் சொன்னதையும் சொன்னாள்.

ஆலோசகர் ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார். கோப்பைத் திறந்து ஒரு வரியைப் பார்த்தார். ‘சிகிச்சைக்கு மனமில்லை’ என்று அவரே எழுதிய வரி.

“வந்திருக்காரு” என்றார் மெதுவாக. “மூணு வாரமும் வந்திருக்காரு.”

“மேடம், மாத்திரை ரெண்டு உள்ள போயிருக்கு. இதைப் படிச்சிட்டுப் போயிருக்கான். எங்க போயிருப்பான்? சொல்லுங்க மேடம்!”

ஆலோசகர் கோப்பை மூடினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் போன் அடித்தது. தம்பியின் பழைய சூப்பர்வைசர்.

“சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. தம்பி வீட்லதான் இருக்காரா?”

“ஏன் சார்?”

“அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கம்ப்ளெய்ண்ட். வாட்ச்மேனைக் கேட்டா, ‘உங்க மெக்கானிக் மேலதானே வேலை பார்க்குறாரு’ங்கறான். நான் யாரையுமே அனுப்பல சிஸ்டர். ஆள் குள்ளம், கம்பெனிச் சட்டைன்னான்...”

மீதியை அவள் கேட்கவில்லை. எந்தக் கட்டடம் என்று ஆலோசகரிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் பாய்ந்தாள். “ஆம்புலன்ஸை நான் அனுப்பறேன், நீங்க ஓடுங்க!” என்று ஆலோசகர் கத்தியது மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

காரிலிருந்தே தம்பி மனைவிக்குச் சொன்னாள். சூப்பர் மார்க்கெட்டுக்கு அடுத்த தெருதான் அந்தக் கட்டடம். ஏழு மாதமாக அவள் அந்தத் தெருவில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள்.

வாட்ச்மேன் வாசலிலேயே நின்றான். “நான் சேர்ந்து அஞ்சு வாரம்தாம்மா ஆச்சு. சட்டை இருந்துச்சு, பை இருந்துச்சு. ‘என் ஆள் உள்ள இருக்கான், யாரும் லிஃப்ட் பக்கம் வராதீங்க’ன்னாரு. நல்ல மனுஷனாத் தெரிஞ்சாரு. என்னை ‘சாப்பிட்டியா’ன்னு வேற கேட்டாரு. இங்க வந்ததுல இருந்து என்னை யாரும்மா அப்படிக் கேட்டாங்க?”

தரைத்தளத்தில் லிஃப்ட் கதவைத் திறந்தபடி நின்றது. உள்ளே விளக்கில்லை.

படி. ஆறாவது மாடியில் அவளுக்கு நெஞ்சு அடைத்தது. எட்டாவதில் செருப்பை விட்டுவிட்டு ஏறினாள். பதினோராவதுக்கு மேல் குறுகலான இரும்பு ஏணிப்படி. அதற்கும் மேல் மெஷின் அறை.

கிரீஸ் வாடை. அதோடு சேர்ந்து இன்னொரு வாடை. ஆளுயர மோட்டார், தரை ஓட்டைக்குள் இறங்கும் இரும்புக் கயிறுகள். சுவரில் மெயின் சுவிட்சின் கைப்பிடி கீழே இறக்கி, அதன் காதில் பூட்டு. பூட்டில் சிவப்பு அட்டை: ‘ஆள் உள்ளே. கை வைக்காதே.’

தம்பி கருவிப்பையைத் தலைக்கு வைத்துக்கொள்ளாத குறையாகச் சுவரோரம் சாய்ந்திருந்தான்.

“அட, அக்கா! நீ எங்க இங்க? மூச்சு வாங்குது பாரு. ஏன், லிஃப்ட்ல வரலையா?” என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். “நான்தானே நிறுத்தியிருக்கேன்!”

“குடிச்சியாடா?”

“வேலை நேரத்துலயா? சீ.”

அவன் கண்ணில் கள்ளமே இல்லை. பைக்குள்ளிருந்து பாட்டிலின் கழுத்து எட்டிப்பார்த்தது. மூடி உடைந்திருந்தது. மூன்று விரல் அளவு குறைந்திருந்தது. சட்டைக் காலருக்கு மேல், கழுத்திலிருந்து காது வரை, யாரோ அறைந்த மாதிரி சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

“ஒரே புழுக்கமா இருக்குக்கா. மார் அடிச்சுக்குது. இந்த நெட்டை வேற போனவன் வரவே காணோம்.”

போன் அதிர்ந்தது. தம்பி மனைவி. கீழே வந்துவிட்டாள். ஆம்புலன்ஸும் வந்துவிட்டது.

“அண்ணி, லிஃப்ட் ஓடலையே! ஸ்ட்ரெச்சரைப் படியில தூக்கிட்டு ஏறி, அவரையும் வெச்சு இறக்கறதுன்னா அரைமணி நேரம் ஆகும்ங்கறாங்க. அவ்வளவு நேரம் தாங்குவாரான்னு சந்தேகம்ங்கறாங்க!”

அக்கா பூட்டைப் பார்த்தாள். சாவி அவன் கழுத்துக் கயிற்றில்.

“சாவியைக் குடுடா.”

“எதுக்கு?”

“லிஃப்ட் வேணும். அவசரம்.”

“என்னக்கா பேசற? ஆள் உள்ள இருக்கான்!” எழுந்து நின்றான். கால் தடுமாறியது. சுவிட்சுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டான். “போன தடவை பூட்டுப் போட மறந்துட்டேன்க்கா. என்னமோ ஆச்சு. என்னன்னு ஞாபகம் வரல. ஆனா என்னமோ ஆச்சு. இன்னிக்குப் போட்டுட்டேன். யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்.”

உதட்டோரம் வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

அவளுக்குத் தெரிந்த ஒரே வழி உண்மைதான். நெட்டை செத்து ஏழு மாசம் ஆச்சுடா. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நோட்டில் எழுதியதும் அதைத்தான். அதைப் படித்துவிட்டு எங்கே வந்து நிற்கிறான் என்பது கண்ணெதிரே தெரிகிறது. பாட்டில் அவனுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

“அவர்... வெளிய வந்துட்டாருடா” என்றாள்.

“யாரு?”

“நெட்டை.”

தம்பி அவளையே பார்த்தான். “நீ பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“அதெல்லாம் செல்லாதுக்கா.” தலையை ஆட்டினான். “எங்க வேலையில ஒரு முறை இருக்கு. உள்ள போனவன் தன் வாயால ‘வெளிய வந்துட்டேன்’னு சொல்லணும். அதை என் காதால நான் கேக்கணும். கடவுளே வந்து சொன்னாலும் அதுக்கு முன்னாடி பூட்டைத் திறக்கக் கூடாது.” சுவரில் தொங்கிய இன்டர்காமைக் காட்டினான். “கீழ பெட்டியில பட்டன் இருக்கு, பேட்டரியில வேலை செய்யும். பேசச் சொல்லு.”

அக்கா ஏணிப்படி வரை போய்ப் போனை வாயோடு ஒட்டிக்கொண்டாள். சொன்னாள்.

அந்தப் பக்கம் தம்பி மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

“செத்தவர் மாதிரியா அண்ணி?”

“ஆமா.”

“யாரை... ஆம்புலன்ஸ்காரங்க ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வாட்ச்மேன்தான் இருக்காரு.”

“அவர்தான். சீக்கிரம்.”

“‘சின்னவனே’ன்னு கூப்பிடச் சொல்றேன் அண்ணி. இல்லாட்டி நம்ப மாட்டாரு. நெட்டை ஒருத்தர்தான் அப்படிக் கூப்பிடுவாரு.”

உள்ளே திரும்பினாள். தம்பி சுவிட்சில் முதுகைச் சாய்த்து, சரிந்துவிடாமல் நின்றுகொண்டிருந்தான். கண் செருகிச் செருகித் திறந்தது.

இன்டர்காம் கரகரத்தது. இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், பயந்துபோய், தயங்கித் தயங்கி வந்தது.

“சின்னவனே...”

தம்பி தலையை நிமிர்த்தினான்.

“சின்னவனே, நான் வெளிய வந்துட்டேன்.”

தம்பியின் முகம் அப்படியே தளர்ந்தது. ஏழு மாதமாக அந்த முகத்தில் அவள் பார்க்காத ஒன்று அதில் வந்தது. இன்டர்காமில் வாயை வைத்து, “எவ்வளவு நேரம்டா, எருமை!” என்றான். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. “மேல வா. உன்னை வெச்சுக்கறேன்.”

கழுத்துக் கயிற்றை உருவினான். சாவி இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை பூட்டு திறந்தது. அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். கைப்பிடியை மேலே தள்ளினான். மோட்டார் உறுமியது.

ஏணிப்படி இறங்குவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அக்கா அவன் அக்குளில் கையைக் கொடுத்து, பாதி தூக்கிப் பாதி இழுத்துப் பதினோராவது மாடிக்கு இறக்கினாள். லிஃப்ட் கதவுக்கு மேல் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவன் அவற்றையே பார்த்தான். தலைமுடியைக்கூடக் கையால் ஒதுக்கிக்கொண்டான்.

கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர், ஒரு ஸ்ட்ரெச்சர்.

தம்பி அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பின்னால் லிஃப்டின் சுவர்தான் இருந்தது.

“அக்கா, அவன் எங்கே?”

“கீழ நிக்கிறாரு. நீ முதல்ல படு.”

முதல் பொய்யைச் சொல்ல அவளுக்கு எவ்வளவோ நேரம் பிடித்தது. இரண்டாவது தானாக வந்தது. அவன் அதையும் நம்பினான். அதுதான் அவளைக் குலை நடுங்க வைத்தது.

“நின்னுக்கிட்டுத்தானே இருக்கான்? போயிட மாட்டானே?”

“போக மாட்டாரு.”

படுத்தான். பட்டைகளைக் கட்டினார்கள். கதவு மூடியது. ஒருவர் அவன் கையைப் பிடித்துப் பார்த்து மற்றவரிடம், “பிரஷர் ரொம்பக் கீழ போகுது. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கம்மா, கண்ணை மூட விடாதீங்க” என்றார்.

“டேய், கண்ணைத் திறடா. நெட்டை கீழ காத்துக்கிட்டு இருக்காரு.”

தம்பி கண்ணைத் திறந்தான். கதவுக்கு மேலே ஓடும் எண்ணில் பார்வையைப் பதித்துக்கொண்டான். நெட்டையைப் பார்ப்பதற்காக மட்டும் விழித்திருந்தான்.

எண் எட்டு என்றது.

அக்கா புடவை மறைவில் போனை எடுத்தாள். விரல் வழுக்கியது. தம்பி மனைவிக்கு ஒரே வரி அடித்தாள்.

‘உயரமா ஒரு ஆள் வேணும். உடனே.’

எண் ஏழு என்றது. ஆறு என்றது.